முதலில் என் பேஜைத் திருப்பித் தாருங்கள், என் மனநிலையை அப்புறம் பேசலாம்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டன் டவுனில் சாரி பிளவுஸும் சுரிதாரும் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. சமூக ஊடக விளம்பரம், அதோடு தொழில் செய்பவர்களுக்கான சுயமுன்னேற்றப் பயிற்சி என்று சேர்த்து உங்களிடம் மூன்று மாதப் பெக்கேஜ் எடுத்து 45,000 ரூபாய் முழுசாகக் கட்டியிருக்கிறேன். போனில் கேட்டதற்கெல்லாம் "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வந்தது, அதனால் எழுத்தில் தருகிறேன்.

லைக் விஷயத்தை முதலில் சொல்கிறேன். என் பேஸ்புக் பேஜுக்கு ஆயிரக்கணக்கில் லைக் வந்துவிட்டது என்று படம் போட்டு அனுப்பினீர்கள். யார் இவர்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலும் எங்கோ வெளிநாட்டுக் கணக்குகள், முகப்புப் படம்கூட இல்லை. இவர்களில் ஒருவராவது ஹட்டனுக்கு வந்து அளவு கொடுப்பாரா? பேஸ்புக் ஒரு போஸ்ட்டை எல்லாருக்கும் காட்டுவதில்லை, பார்த்தவர்கள் நின்று பார்க்கிறார்களா, ஏதாவது எழுதுகிறார்களா, பகிர்கிறார்களா என்று கவனித்துத்தான் மேலும் பலருக்குக் காட்டும். ஆளில்லாத கணக்குகள் எதுவும் செய்யாது, அதனால் உண்மையான ஆட்களுக்கும் போஸ்ட் போய்ச் சேராது. முன்பு ஒவ்வொரு படத்துக்கும் விலை கேட்ட டிக்கோயா, நோர்வூட் பிள்ளைகள் இப்போது "அக்கா, நீங்க ஒண்ணும் போடுறதே இல்லையா?" என்று கேட்கிறார்கள். காசுக்கு லைக் வாங்குவது பேஸ்புக் விதிக்கே எதிரானது. நாளைக்குப் பேஜை முடக்கினால் நஷ்டம் எனக்குத்தான், உங்களுக்கு இல்லை.

அடுத்தது தீபாவளி விளம்பரம். இந்தப் பக்கத்தில் கையில் காசு எப்போது புழங்கும் என்று ஆரம்பத்திலேயே உங்களுக்கு விளக்கமாகச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில், தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள், அந்தக் காசு கைக்கு வந்த பிறகுதான் துணி எடுப்பார்கள், தைக்கக் கொடுப்பார்கள். நீங்கள் அதற்கு முன்பே விளம்பரக் காசு முழுவதையும் செலவழித்துவிட்டீர்கள், அதுவும் நாடு முழுக்க! ஹட்டன் டவுனை மையமாக வைத்துச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக் கொடுக்கும் வசதி பேஸ்புக் விளம்பரத்திலேயே இருக்கிறது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை வரைக்கும் காட்டியிருந்தால் போதும். காலியில் இருக்கும் ஒருவர் பிளவுஸ் தைக்க மலையேறி வரமாட்டார். எந்த ஊரில், எந்த வயதினருக்கு, எவ்வளவு காசு போனது என்ற விபரம் உங்கள் விளம்பரக் கணக்கிலேயே இருக்கும். அதைக் கேட்டு இன்றுவரை ஒரு தாள் வரவில்லை.

எனக்கு அதிகம் மனம் நொந்தது வேறொன்று. என் கடைப் படங்களை எடுக்காமல் எங்கிருந்தோ எடுத்த ஆரி வேலை (கொக்கி ஊசியில் செய்யும் எம்பிராய்டரி) பிளவுஸ் படத்தை என் பெயரில் போட்டிருக்கிறீர்கள். நான் ஆரி வேலை செய்வதே இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, மழையில் பஸ் பிடித்து வந்து அந்தப் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரிதான் வேணும், முன்பணம்கூட கொண்டு வந்திருக்கோம்" என்றார். துணிப்பையிலிருந்து கூறைச் சேலையை எடுத்து மேசையில் விரித்துவிட்டார். இல்லை என்று சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெயர் கெட்டால் தோட்டம் முழுக்கக் கெடும்.

இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் கேட்டேன். உங்கள் சேர் சொன்ன பதில்: "உங்கள் மனநிலையை மாற்றுங்கள், சிறிதாக யோசிக்கிறீர்கள், அதிகாலை ஐந்து மணிக்கு எழும்பி இலக்கை எழுதுங்கள்." ஐயா, இங்கே கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அதற்கு முன்பே எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்திவிடுவார்கள். நானும் அந்த லயத்தில் வளர்ந்தவள்தான், முயற்சி என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளம்பரத்தைத் தப்பான ஊருக்குக் காட்டியது என் மனநிலை இல்லை, உங்கள் வேலை. அதே வகுப்பில் அச்சாறு போட்டு விற்கும் ஒரு தங்கச்சியிடம், அடுத்த பெரிய பயிற்சிக்குக் கடன் வாங்கியாவது சேருங்கள் என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏற்கனவே நுண்கடனில் எத்தனை பெண்கள் தவிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். அவள் வியாபாரத்துக்குத் தேவை வட்ஸ்அப் பிஸ்னஸில் விலையோடு படம் ஏற்றுவது எப்படி என்ற பாடம். அது இலவசம், ஒரு மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுக்கலாம். அதை ஒருநாளும் சொல்லவில்லை.

கழுத்து வெட்டி லைனிங் வைத்துத் தைப்பதை நானே போனில் எடுத்து, நாங்கள் பேசுகிற மாதிரியே பேசி வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். அதைப் பார்த்துத்தான் இப்போது ஆட்கள் வருகிறார்கள். பேஜில் போட முடியவில்லை, ஏனென்றால் முழு அனுமதியை உங்கள் கணக்குக்கு மாற்றிவைத்து எனக்குப் பாதி அனுமதிதான் விட்டிருக்கிறீர்கள். உங்களை நீக்கக்கூட என்னால் முடியாது. என் கடைப் பெயர், என் படம், என் பேஜ்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் பேஜின் முழு அனுமதியையும் என் கணக்குக்குத் தந்துவிட்டு நீங்கள் விலகுங்கள். அந்த ஆரி வேலைப் படங்களை அழியுங்கள். விளம்பரச் செலவுக் கணக்கை அனுப்புங்கள், விளம்பரத்துக்கும் பயிற்சிக்கும் எடுத்த காசைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் ரசீது, உங்கள் மெசேஜ்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் அழைப்பேன். வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம்.

பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்