வன்னி மரத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள்: சீமைக்கருவேலம் அகற்றச் செல்லும் வடசென்னைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையிலிருந்து தென்மாவட்டக் கண்மாய்களைச் சீரமைக்கச் செல்லும் இளைஞர் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் தண்டையார்பேட்டையிலும் குடியிருக்கும் நம்மில் பலருக்குச் சொந்த ஊர் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நீங்கள், கைக்காசைப் போட்டுப் பொக்லைன் வாடகைக்கு எடுத்து, கண்மாயையும் தரிசு நிலத்தையும் அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்தைத் தூரோடு பிடுங்கி எறிகிறீர்கள். அந்தப் பணி நிற்கக் கூடாது என்றே நானும் விரும்புகிறேன். ஆனால், அந்தப் புதருக்குள்ளும் அதன் ஓரத்திலும் நிற்கும் வன்னி மரங்களும் சேர்ந்தே சாய்க்கப்படுவதைக் கண்ணால் கண்டபிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டும் முள்மரம், இரண்டுக்கும் பொடி இலை. எட்ட நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. தாவரவியலாரே நெடுங்காலம் இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2022இல்தான் சீமைக்கருவேலத்தை நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். பொக்லைன் ஓட்டும் தம்பி இதைப் பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேலையை முன்னின்று நடத்தும் நீங்கள்தான்.

கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். சீமைக்கருவேலத்தின் முள் நீளமாக, இலை கிளம்பும் கணுவில் பெரும்பாலும் இரட்டையாக நிற்கும். வன்னியின் முள் குட்டையானது. அடி அகன்று நுனி கூர்ந்து, ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையில் தண்டின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனியே முளைத்திருக்கும். வன்னி இலையில் ஒரு சாம்பல் பூச்சு தெரியும். கிளைகள் மெலிந்து தொங்கும். நெற்றும் வேறு: சீமைக்கருவேலத்தின் நெற்று மஞ்சளாய்த் தட்டையாகத் தடித்திருக்க, வன்னியின் நெற்று ஒல்லியாக உருண்டு நீண்டிருக்கும். பூங்கொத்தில் காய் போலத் திரண்டிருக்கும் உருண்டைகளைக் கண்டால் அவை காயல்ல, பூச்சிகளால் உண்டாகும் புடைப்புகள். வன்னியில் அவற்றை அடிக்கடி காணலாம். விநாயகர் சதுர்த்திக்குப் பூக்கடையில் வாங்கும் பத்திரக் கட்டில் வன்னி இலையைத் தொட்டிருப்போம். மரத்தைப் பார்த்தவர்கள்தான் நம்மில் குறைவு.

மழை குறைந்த கரிசல் காட்டில் இந்த மரம் செய்யும் வேலையை வேறு மரத்தால் ஈடுகட்டுவது கடினம். இருபது மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடிய ஆணிவேரைக் கொண்டு ஆழத்து ஈரத்தை எடுத்துக்கொள்வதால், மேல்மண்ணில் விளையும் பயிரோடு அது தண்ணீருக்குப் போட்டியிடுவதில்லை. வேர்முடிச்சுகள் வழியாக மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கிறது. இராஜஸ்தானில் உழவர்கள் வன்னியை நிலத்திலேயே விட்டுவைத்து அதன் அடியில் கம்பு விதைப்பது இதனால்தான். மற்ற மரங்கள் வாடி நிற்கும் கோடையின் தொடக்கத்தில் வன்னி புதுத்தழை விடுவதால், மேய்ச்சல் அற்றுப்போகும் பருவத்தில் ஆடுகளுக்கு அதுவே தீவனம். அங்கே ஜோத்பூருக்கு அருகில் கேஜர்லி என்ற ஊரில், 1730இல், அரண்மனைக்காக இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுத்து அம்ரிதா தேவி உட்பட 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். நமக்கும் இது அயல் மரமில்லை: விருத்தாசலத்தில் தலமரம் வன்னி, திருவிளையாடலில் மதுரை வரை வந்து சாட்சி சொன்னதும் வன்னிதான்.

ஆடு விரும்பித் தின்னும் அந்தத் தழையே வன்னிக் கன்றுக்கு ஆபத்தாகவும் முடிகிறது. சீமைக்கருவேலத்தின் தழையை ஆடு தொடுவதில்லை. ஆனால் நெற்றைத் தின்று, சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் பரப்பிவிடுகிறது. வன்னியோ முதல் சில ஆண்டுகள் மெல்ல வளரும். கடிபட்டுக் கடிபட்டு மேலே எழாமலே போய்விடும். அதனால் ஒரு முதிர்ந்த வன்னியை இழந்தால், அந்த இடத்தை ஒரு தலைமுறையில் நிரப்ப முடியாது.

ஆகவே, இயந்திரம் வருவதற்கு முதல் நாள், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். எந்த மரம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வன்னி ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பு அடித்து, அந்த மரத்தை ஒட்டி நிற்கும் சீமைக்கருவேலத்தை மட்டும் அரிவாளாலும் கடப்பாரையாலும் கையால் அகற்றுங்கள், ஏனென்றால் பொக்லைன் வன்னியின் வேரையும் கிளப்பிவிடும். வெட்டவெளியான நிலத்தில் நர்சரியிலிருந்து வாங்கி வரும் அழகு மரங்களை நடுவதைவிட, அங்கேயே நிற்கும் வன்னியின் விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து விதைத்து, சுற்றிலும் முள்வேலி கட்டிக் கொடுப்பது பயன் தரும். வெட்டிய சீமைக்கருவேல முள்ளே அந்த வேலிக்குப் போதும்.

ஆர்வத்தில் அந்தக் கன்றுகளை இங்கே எண்ணூர்க் கழிமுகத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அலை ஏறி இறங்கும் அந்தச் சேற்றுக்கு உரியது அலையாத்தி.

ஆயுத பூஜை விடுமுறைக்குப் புறப்படும் குழுக்கள் முன்கூட்டியே தெரிவித்தால், இரண்டு மரங்களின் கிளையையும் நெற்றையும் எடுத்துக்கொண்டு பெரம்பூரில் உங்கள் கூட்டத்துக்கு வந்து காட்டித் தரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூர்வாசி ஒருவர்