தேர்வில் கேட்டால்தான் படிப்பார்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவப் பாடத்திட்டத்தில் ஊட்டச்சத்துக்கு இடம் கேட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். கோரிக்கை புதிதல்ல. குறைந்தது 25 மணி நேரமாவது இதைக் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1985-லேயே பரிந்துரைத்தது. வைட்டமின் குறைபாட்டு நோய்களை மனப்பாடம் செய்யும் மாணவர், 'என்ன சாப்பிடலாம்?' என்று நோயாளி கேட்டால் தடுமாறுகிறார்.

சிறுநீரகம் பழுதான என் தந்தையிடம் 'உப்பைக் குறையுங்கள்' என்பதோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டார். சரி என்று சோடியம் குறைந்த மாற்று உப்பு வாங்கினோம். அதிலுள்ள பொட்டாசியம் அவரைப் போன்றவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று அப்புறம் உணவியல் நிபுணர்தான் சொன்னார். வகுப்பு நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. வார்டில் உணவியல் நிபுணருடன் சில வாரப் பயிற்சியும், இறுதித் தேர்வில் நோயாளிக்கு உணவுமுறை எழுதித் தரும் கேள்வியும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.