ஊட்டில உக்காந்துக்கிட்டு கலாபகோஸ் குருவி மட்டும் போதுமா? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக விலங்கியல் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

நான் நீலகிரியில ஒரு காலேஜ்ல பிஎஸ்சி ஜுவாலஜிக்கு கெஸ்ட் லெக்சரர். எவல்யூஷன் யூனிட்ல டார்வின் ஃபிஞ்ச் (அந்த கலாபகோஸ் தீவுக் குருவிதான்) இருக்கு, இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா ஜன்னலுக்கு வெளிய நீலகிரி சிரிப்பான் பறவைங்க கூட்டமா கத்திக்கிட்டு இருக்கு, உள்ள பசங்க கலாபகோஸ் மேப் வரைஞ்சுக்கிட்டு இருக்காங்க, அதான் தாங்கல.

நம்ம சிரிப்பானுக்கு நெஞ்சு வயிறெல்லாம் செம்பழுப்பு. கொடைக்கானல் போனீங்கன்னா அங்க பழநி சிரிப்பான், அதுக்கு நெஞ்சு சாம்பல். நடுவுல பாலக்காட்டு கணவாய், 30, 40 கிலோமீட்டர் தாழ்வான வெக்கை பூமி, சோலைக் குளிர்ல வாழ்ற பறவை அத தாண்டாம ரெண்டு பக்கமும் தனித்தனியா மாறிப்போச்சு. சோலைக்கிளியும் (பேர்லதான் கிளி, அது ஒரு சின்ன சோலைப் பறவை) இதே கதைதான். 2017ல டிஎன்ஏ பாத்து சிரிப்பானுக்கு மாண்டிசிங்க்லா, சோலைக்கிளிக்கு சோலிகோலான்னு தனி ஜீனஸே (பேரினம்) குடுத்துட்டாங்க. இத காட்டிட்டு அல்லோபேட்ரிக் ஸ்பெஷியேஷன் (எடம் பிரிஞ்சதால தனி இனமா மாறுறது)னு போர்டுல எழுதினா எவன் மறப்பான்?

இக்காலஜிக்கும் வெளியதான் பாடம் கெடக்கு. சிரிப்பான் தவிட்டுப்பழம் திங்கிறத பாத்துக்கிட்டே விதை எப்படி பரவுதுன்னு பேசலாம். புல்வெளிய சீகை (வாட்டில்) மரம் மூடிட்டா நெட்டைக்காலிங்கிற பறவைக்கு அங்க வேலையில்ல, அது புல்லுக்குள்ள தரையில கூடு கட்ற ஜாதி. சோலை ஓரம், டீ தோட்டம், சீகை காடு மூணுலயும் பத்து பத்து நிமிஷம் நின்ன எடத்துலயே நின்னு பறவைய எண்ணினா கை-ஸ்கொயர் (புள்ளியியல் கணக்கு) போட சொந்த டேட்டா கெடைக்கும், இப்ப சீனியரோட ரெக்கார்ட் நோட்ட பாத்து அதே நம்பரதான் எழுதுறாங்க (உங்களுக்கும் தெரியும்).

ஒரு செகண்ட் இயர் பொண்ணு நோட்ல இப்படி இருந்துச்சு: 'புதர்ச்சிட்டு ஆண். டீ செடி உச்சி. கீழ குதிச்சு பூச்சி எடுத்துட்டு மறுபடி அதே கொப்பு. நாலு தடவ.' இந்த மாதிரி நேர்ல பாத்து எழுதினதுக்கு மார்க் போட இன்டர்னல்ல எடமே இல்லீங்க.

தவளை அறுக்கிறத 2014லயே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்த சொல்லிருச்சு, அந்த எடத்துக்கு எங்க லேப்ல சார்ட்டும் மாடலும்தான் வந்துச்சு. ஒரு பிராக்டிகல் பேப்பர்ல பாதி மார்க்க ஃபீல்டு நோட்டுக்கு ஒதுக்குங்க. காட்டுக்குள்ள போகணும்னே இல்ல, காட்டெருமை பயம் எங்களுக்கும் இருக்கு, காம்பஸும் ரோட்டோரமுமே தாராளம். பைனாகுலர் ரெண்டு இருக்கு, மாத்தி மாத்தி பாத்துக்குவோம்.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இத டிசம்பர்ல ஆரம்பிக்கிற செமஸ்டர்ல வைங்க. வலசை வர்ற பறவையும் அப்பதான் இருக்கும். ஜூன், ஜூலைல வச்சீங்கன்னா பசங்களுக்கு குடைய புடிக்கவே நேரம் சரியா இருக்கும்.