ஸ்டிக்கர் தீர்ந்த பிறகு?

ஆசிரியருக்கு,

புத்தகம் வாசிக்கும் மாணவர்களுக்கு நட்சத்திரமும் பரிசும் தர வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நோக்கம் நல்லதுதான். பரிசு கிடைக்கும் செயல் மீண்டும் மீண்டும் நடக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியிருக்கிறார். ஆனால், பிள்ளை விரும்பிச் செய்கிற காரியத்துக்கு முன்கூட்டியே கூலி பேசினால் கதை மாறிவிடுகிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் சிலரிடம் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து வண்ணப் பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துப் பார்த்தபோது, மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரமே இவர்கள் வரைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை.

என் மகளிடம் நானும் இதே தவறைச் செய்தேன். பக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கர் என்று பேசியதும், படம் நிறைந்த, எழுத்து குறைந்த புத்தகமாகத் தேடி எடுக்க ஆரம்பித்தாள் (கெட்டிக்காரி!). ஸ்டிக்கர் தீர்ந்த அன்று, “அப்புறம் எதுக்கு வாசிக்கணும்?” என்று கேட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். பிறகு நான் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தை வாசித்தேன். மூன்றாவது வாரம் அவளாகவே ஒன்றைக் கொண்டுவந்து உட்கார்ந்தாள். பரிசுத் திட்டத்துக்குப் பதிலாக, நாள்தோறும் 20 நிமிடம் ஆசிரியரும் மாணவர்களோடு அமர்ந்து வாசிக்கும்படி பாடவேளையை அமைக்கலாம். பாராட்டை முன்பே அறிவிக்காமல், வாசித்து முடித்த பின் சொன்னால் போதும்.

– ஒரு வாசகர்