அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்னறையில் வைஃபை எடுக்கவில்லை என்று யார் கேட்டாலும், பத்திரிகைகளின் தொழில்நுட்பப் பக்கங்களில் வரும் பதில் ஒன்றுதான்: ரிப்பீட்டர் வாங்குங்கள், கொஞ்சம் வசதி இருந்தால் மெஷ் செட் (வீடெங்கும் ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் பல கருவிகள்) வாங்குங்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் இணைப்பை மாற்றியபோது கழற்றி வைத்த பழைய பிராட்பேண்ட் ரவுட்டர் ஒன்று பல வீடுகளில் சும்மா கிடக்கிறது, அதையே ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது மெயின் ரவுட்டரின் இணைப்பைக் கேபிளில் வாங்கி வைஃபையாகத் தரும் கருவியாக, மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதத்தான் ஆளில்லை.

மலிவான ரிப்பீட்டரைவிட இது பல நேரம் நன்றாகவே வேலை செய்யும். ரிப்பீட்டர் காற்றில் வாங்கியதைக் காற்றிலேயே திருப்பி அனுப்புகிறது, ஒரே ரேடியோ இரண்டு வேலையையும் பார்க்கும்போது வேகம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பழைய ரவுட்டருக்கோ மெயின் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்கிறோம், அதனால் அந்த இழப்பு இல்லை. சாதாரண கேட் 5இ நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை தாங்கும். சுவரோரமாகக் கேபிள் ஓட்டுவதுதான் இதில் உள்ள ஒரே உடம்பு வேலை, அதற்கு வழியில்லாத வீட்டுக்கு இந்த யோசனை ஒத்துவராது.

செய்முறை அப்படி ஒன்றும் பெரிதல்ல. ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடித்தால் பழைய செட்டிங்ஸ் அழிந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை, கேபிளால் அதனுடன் இணைத்த லேப்டாப்பின் பிரவுசரில் போட்டு உள்ளே போய், முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள். அப்புறம் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இந்த ரவுட்டருக்கான எண். மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 மாதிரி ஒன்று, ஆனால் மெயின் ரவுட்டர் மற்ற கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கும் எண்களில் அது வரக்கூடாது. சேவ் கொடுத்ததும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். ரவுட்டர் செத்துவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒன்றும் ஆகவில்லை, முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான். கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகிவிட்டுப் புது முகவரியை அடித்தால் மறுபடி வந்துவிடும்.

கடைசியாக, கருவிகளுக்கு ஐபி எண்களைத் தானாக வழங்கும் டிஎச்சிபி என்பதைப் பழைய ரவுட்டரில் அணைக்க வேண்டும், இதை மட்டும் மறக்கவே கூடாது. வீட்டுக்குள் எண் வழங்குகிறவர் ஒருவர்தான் இருக்கலாம். இரண்டு ரவுட்டரும் வழங்கினால், எது முதலில் பதில் சொல்கிறதோ அதையே போன் நம்பும். பழையது முந்திக்கொண்டால், இன்டர்நெட்டுக்கு வாசல் தானே என்று அது சொல்லிவிடும், அங்கே இன்டர்நெட் ஏது? சிக்னல் முழுசாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. ஒரு போனில் வரும், பக்கத்துப் போனில் வராது. கேபிள் விஷயமும் அப்படித்தான்: மெயின் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து பழையதின் லேன் போர்ட்டுக்குத்தான் போக வேண்டும், இன்டர்நெட் என்று எழுதிய தனி போர்ட்டில் செருகினால் அது வழக்கம்போலத் தனி ராஜ்ஜியம் நடத்த ஆரம்பித்துவிடும். ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஒரே பட்டன் உள்ள ரவுட்டர் கிடைத்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை, அதில் எந்த போர்ட் என்பதை அதன் கையேடே சொல்லும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டாம், 1, 6, 11 இவற்றில் ஆளுக்கொன்று கொடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் போன் தானாக மாறிக்கொள்ளும், சில போன்கள் பழைய சிக்னலை விட்டுவிட மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

எல்லாப் பழசும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூஈபி பாதுகாப்பு மட்டுமே உள்ள கிழட்டு ரவுட்டரை மின்கழிவில் போடுவதே சரி, குறைந்தது டபிள்யூபிஏ2 வேண்டும். 2006-க்குப் பிறகு வைஃபை சான்றிதழ் பெற்றவற்றில் அது கட்டாயம் இருக்கும். நிறைய பழைய ரவுட்டர்களின் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, படம் பார்க்க அது தாராளம். கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தியிருக்கும். மெயின் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் ஆபத்து குறைவு, இல்லாமலில்லை. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கவிடும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் முட்டுக்கட்டை போடுவது சில இணைப்பு நிறுவனங்கள். அவர்கள் தரும் ரவுட்டரில் செட்டிங்ஸ் பக்கத்தையே பூட்டி வைக்கிறார்கள், ரீசெட் செய்தாலும் திறக்காத வகைகூட உண்டு. வாடகைக்குத் தந்த பொருள் என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். காசு கொடுத்து நாம் வாங்கியது என்றால், இணைப்பைத் துண்டிக்கும் அன்றைக்கே பூட்டைத் திறந்து கொடுப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? உங்கள் நிருபர்கள் அவர்களிடம் இதைக் கேட்டு, வரும் பதிலை அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்