தைபேக்கு வழியனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், என் பழைய ஆசிரியர்களுக்கும், எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு "இது உண்மையா?" என்று கேட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் வணக்கம்.

இணையம் அரசியலை எப்படி மாற்றுகிறது என்று பேசுவதற்காகத் தைவான் தலைநகர் தைபேயில் நடந்த மாநாட்டுக்குப் போய்விட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொன்னால் பாதிப் பேர் "அதெல்லாம் எதுக்குப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதிவிட்டால் மறுக்க முடியாது பாருங்கள், அதனால்தான் இந்த மடல்.

தங்கும் செலவையும் விமானச் செலவில் ஒரு பகுதியையும் மாநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மீதிக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கும் முன்பே வந்துவிட்டது. "தேர்தல் நோட்டீஸ் அடிச்சுச் சம்பாதிச்ச காசு, அரசியலுக்கே போகட்டும்" என்று சொல்லி உறையை நீட்டிய ஆரணி அச்சக அண்ணனுக்கு முதல் நன்றி. பட்டுத்தறி ஓட்டும் குடும்பத்து அக்கா, மகன் பெங்களூரில் வாங்கிப் போடாமல் வைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். தைபேயில் குளிர்காலம் என்றால் பனி கொட்டாது, தூறல்தான். ஆனால் நாள் முழுக்க விடாத அந்தத் தூறலில் அது இல்லாவிட்டால் நடுங்கிப் போயிருப்பேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா என் ஆங்கில உரையைத் திருத்திக் கொடுத்தார். திருத்தினார் என்பதைவிட வெட்டினார் என்பதே சரி. "புரட்சி" வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

விசா வேலையில் கூடவே இருந்த டிராவல்ஸ் தம்பிக்கும் நன்றி. தைவானுக்கு இந்தியாவில் தூதரகம் என்ற பெயரில் எதுவும் கிடையாது. தைபே பொருளாதார, கலாசார மையம் என்ற பெயரில் அலுவலகம் வைத்திருக்கிறார்கள், சென்னையிலும் ஒன்று உண்டு. இந்த விவரமே அந்தத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆரணியில் இருந்து என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று பலர் கேட்டீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கத்து அத்திமூரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை பிடிக்கிற கூட்டம் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு குடும்பத்தை ஊரே திரண்டு அடித்தது. வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில், நாடு முழுக்க இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வேர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு எண்ணை வாங்கி, சந்தேகமான செய்தியை இதில் போடுங்கள், விசாரித்துச் சொல்கிறோம் என்று ஆரம்பித்தோம். இந்த வேலையைப் பற்றித்தான் தைபேயில் பேசக் கூப்பிட்டார்கள்.

பேசும் அன்று காலையிலேயே ஒரு சிக்கல். அரங்கத்துக் கணினியில் என் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பதறிக்கொண்டிருந்தபோது ஒரு தன்னார்வலப் பையன் வந்தான். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. என் போனில் எப்படித் தெரிகிறது என்று வாங்கிப் பார்த்து, எழுத்துருவை இறக்கி, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, பக்கம் பக்கமாக என் போனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தான். "இந்தப் புள்ளி எழுத்துக்கு மேலேதானே வர வேண்டும்?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சீன மொழி அமர்வுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு காதில் ஓட, அதில் எனக்குப் பிடிபடாததைப் பக்கத்தில் அமர்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார் தைவானின் ஷின்ச்சு நகரில் ஆராய்ச்சி படிக்கும் ஒரு தமிழ்த் தங்கை. ஆய்வகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தவர். தங்கச்சி, உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உன் பேராசிரியருக்கும் சேர்த்துச் சொல்லிவிடு.

இனி அங்கே எனக்குக் கற்றுக் கொடுத்தவர்களுக்கு.

ஓர் அமர்வு முடிந்த மாலையில், கவ்-ஸீரோ (g0v) என்ற இணையத் தன்னார்வலர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு அக்கா எங்கள் ஐந்தாறு பேரைத் தைவான் நாடாளுமன்றத்தின் பக்கம் நடத்திக் கூட்டிப் போனார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெண்கள் பள்ளியாக இருந்த கட்டடமாம், பார்த்தால் இன்னும் பள்ளிக்கூடம் மாதிரிதான் இருக்கிறது. 2014 மார்ச் 18 இரவு மாணவர்கள் இதற்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். சீனாவுடன் செய்துகொண்ட சேவை வணிக ஒப்பந்தத்தை முறையாக விவாதிக்காமல் நிறைவேற்றப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கோபம். ஏப்ரல் 10 வரை வெளியே வரவில்லை. உள்ளே நடந்ததை வெளியே நேரலையாகக் காட்டியது ஒரு ஐபேட். அதை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் கிடையாது, செருப்பை முட்டுக் கொடுத்தார்களாம். பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்க இணையத்தில் பணம் கேட்டபோது, சில மணி நேரத்திலேயே 60 லட்சம் தைவான் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அந்த அக்கா கதை சொல்லவில்லை. எந்த வாசல் வழியாக இணையக் கம்பி இழுத்தார்கள், மின்சாரத்துக்கு என்ன செய்தார்கள், உள்ளே பேசியதை யார் தட்டச்சு செய்து வெளியே போட்டார்கள் என்று வேலைக் கணக்குப் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்து வீடைவான் (vTaiwan). விதி வகுக்கும் முன் மக்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்கும் முயற்சி அது. அதைப் பற்றி வெளிநாடுகளில் எழுதுகிற எல்லாரும் புகழ்கிறார்கள். பொலிஸ் (Polis) என்ற கருத்துக் கேட்கும் மென்பொருளை வைத்து, ஊபர் வண்டிகளுக்கு என்ன விதி வைப்பது என்ற பிரச்சினையை 2015இல் மக்களிடமே கொண்டுபோனதுதான் அதன் பெரிய பெயருக்குக் காரணம். அதில் நீங்கள் ஒரு கருத்தைப் போடலாம், அடுத்தவர் கருத்துக்கு ஆம், இல்லை, தாண்டிப் போகிறேன் என்று மூன்றில் ஒன்றை அழுத்தலாம். பதில் எழுத மட்டும் வழி கிடையாது. பதில் போட முடியாவிட்டால் சண்டைக்கு இடம் ஏது? டாக்சிக்காரர்களும் ஊபர்க்காரர்களும் எதில் ஒத்துப் போகிறார்கள் என்பது தானாகத் தெரிந்தது: காப்பீடு வேண்டும், வண்டி பதிவாகியிருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே நியாயம் வேண்டும். மறு ஆண்டு வந்த விதிகளில் இவை இடம்பெற்றன.

இதைக் கேட்டு நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, அந்த வேலையில் உள்ளேயே இருந்த ஒருவர் தேநீர் இடைவேளையில் சொன்னார்: அங்கே எடுத்த முடிவு எதுவும் அரசைக் கட்டுப்படுத்தாது. அமைச்சகங்களுக்கு மனம் இருந்தவரை ஓடியது, பிறகு வேகம் குறைந்துவிட்டது. ஊபர் கதையையே பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று சிரித்தார். தன் வீட்டுப் பலகாரத்தில் உப்பு கூடிவிட்டது என்று விருந்தாளியிடம் சொல்ல ஒரு மனசு வேண்டும். மேடையில் கேட்ட அத்தனை உரைகளையும்விட அந்தத் தேநீர் இடைவேளைக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம், எங்களைப் போலவே செய்திகளைச் சரிபார்க்கும் கோஃபேக்ட்ஸ் (Cofacts) நண்பர்கள். நம் ஊருக்கு வாட்ஸ்அப் மாதிரி தைவானில் லைன். சந்தேகமான செய்தியை லைனில் ஒரு பாட் (bot), அதாவது தானாகப் பதில் சொல்லும் நிரலுக்கு அனுப்பினால், ஏற்கெனவே யாராவது சரிபார்த்திருந்தால் உடனே பதில் வந்துவிடும், இல்லாவிட்டால் வரிசையில் சேரும். பதில் எழுதுவது சம்பளக்காரர்கள் அல்ல, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே செய்திக்கு இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் எல்லாமே காட்டும். மூலநிரல் முழுக்கத் திறந்தது. தாய்லாந்துக்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் ஊருக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினார்கள். பதில் எழுதுகிறவர் முதலில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தவறான தகவல் இருக்கிறது, சரியான தகவல் இருக்கிறது, சொந்தக் கருத்து இருக்கிறது, நாம் சரிபார்க்கும் எல்லைக்குள் வராது. மூன்றாவது என்னை நிறுத்தியது. நாங்கள் இங்கே உண்மை, பொய் என்ற இரண்டு முத்திரைதான் வைத்திருக்கிறோம். "இந்த ஆட்சி விவசாயியை ஏமாற்றிவிட்டது" என்று ஒருவர் அனுப்பினால் அதை எதில் சேர்ப்பது? எங்களுக்குள் நடந்த சண்டையில் பாதி இதனால்தான். கருத்து என்று முத்திரை குத்தினால் மட்டும் போதாது, வேறு கோணத்தில் சொல்லும் ஓர் இணைப்பையும் கூடவே தர வேண்டும் என்பது அவர்கள் விதி. அடுத்த வாரத்தில் இருந்து நம் எண்ணிலும் அதே நான்கு பெட்டிகள்தான். கோஃபேக்ட்ஸ் நண்பர்களே, உங்கள் அனுமதியோடுதான் செய்கிறோம், நன்றி.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது இணையமே இல்லாத ஒரு விஷயம். வாக்கு எண்ணிக்கை. 2024 ஜனவரி 13 குடியரசுத் தலைவர் தேர்தல் எப்படி எண்ணப்பட்டது என்பதை ஓர் அமர்வில் காணொளியாகப் போட்டுக் காட்டினார்கள். மாலை 4 மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது. பெட்டி எங்கும் போகாது, அதே பள்ளி வகுப்பறையில் திறக்கிறார்கள். ஓர் அலுவலர் ஒரு சீட்டை எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வேட்பாளரின் எண்ணை உரக்கக் கூவுகிறார். சுவரில் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் நிற்பவர் அதையே திருப்பிக் கூவி ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோட்டில் முடிகிற ஒரு சீன எழுத்தைத்தான் கணக்குக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து முடிந்தால் ஐந்து வாக்கு. அக்கம்பக்கத்துக்காரர்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள். 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளில் இப்படியே நடந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் யார் வென்றார் என்று தெரிந்துவிட்டது.

அன்று இரவே எண்ணிக்கையில் மோசடி என்று வெட்டி ஒட்டிய காணொளிகள் சுற்ற ஆரம்பித்தன. சரிபார்ப்புக் குழுக்கள் வேகமாகப் பதில் சொன்னார்கள். அவ்வளவு வேகமாகச் சொல்ல எப்படி முடிந்தது என்று கேட்டேன். ஒளித்து வைத்த எதையும் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, ஊர் மொத்தமும் நின்று பார்த்த ஒன்றைப் பற்றித்தான் பொய் சொன்னார்கள் என்றார் பேசியவர். வெட்டாத காணொளி யாரோ ஒருவர் போனில் இருக்கத்தானே செய்யும்.

நம் ஊருக்கு இயந்திரத்தை விட்டுவிட்டுச் சீட்டுக்குப் போ என்று நான் சொல்ல வரவில்லை, 2024 தேர்தலில் ஏறக்குறைய 97 கோடி வாக்காளர்கள் இருந்த நாட்டின் கணக்கு வேறு. ஆனால் நம்மிடமும் ஒரு தாள் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை வாக்கு பதிவானது என்று எழுதிக் கட்சி முகவர்களிடம் கொடுக்கும் 17சி படிவம். 2024 மக்களவைத் தேர்தலின்போது அதை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது தலையிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. "எங்க பூத்ல ஓட்டு கூடிடுச்சு" என்று நம் எண்ணுக்கு வரும் செய்திகளுக்கு நாங்கள் விழித்துக்கொண்டு நிற்பது அந்தத் தாள் முகவர் வீட்டுப் பீரோவில் கிடப்பதால்தான். எத்தனை கெட்டிக்காரப் பாட் வைத்தாலும், ஊரில் திறந்து கிடக்காத ஒன்றை அது இணையத்தில் திறந்து காட்டாது.

நன்றி சொல்ல விட்டுப்போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் இல்லாத நாட்களில் இரவுப் பணியையும் சேர்த்துப் பார்த்து, வந்த கேள்வி எதையும் கிடப்பில் போடாத நம் குழுவினர். சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாயில் மாறியது தெரியாமல் நின்ற என்னை ஓட்டமாக இழுத்துக்கொண்டு போன காரைக்குடிக்காரர். சைவம் கேட்டதும் கடைக்கு வெளியே வந்து தெரு முனை வரை கூட்டிப் போய்ச் சைவ உணவகத்தைக் காட்டிவிட்டுத் தன் கடைக்குத் திரும்பிய தைபே அம்மா.

அக்கா, ஜாக்கெட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன், வந்ததும் கொண்டுவந்து தருகிறேன். கணக்கு எழுதிவிட்டேன். மிச்சப் பணத்தில் நம் எண்ணுக்கு ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிடலாம் என்று அச்சக அண்ணன் சொல்கிறார், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தின் மாடியில் உட்கார்ந்து நான்கு பெட்டி முறையைப் பழகிப் பார்க்கிறோம். எந்தக் கட்சிக்கு முகவராக இருந்தவரானாலும் சரி, போன தேர்தலின் 17சி படிவ நகல் வீட்டில் இருந்தால் வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆரணி நண்பன்