கூவைக்கிழங்கு மாவு என்று விற்ற பாக்கெட்டில் வேறு மாவு: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ‘100 சதவீத கூவைக்கிழங்கு மாவு’ பாக்கெட்டில் இருப்பது கூவை மாவு (ஆரோரூட் மாவு) இல்லை. குறைந்தபட்சம், கூவை மாவு மட்டும் இல்லை.

250 மி.லி. தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி, சுமார் 8 கிராம் எடுத்தேன். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதி வருமுன்பே ஊற்றிக் கிளறினேன். கூவை மாவென்றால் அந்தச் சூட்டிலேயே வெள்ளை போய், கண்ணாடி மாதிரித் தெளிந்து பளபளவென்று கெட்டியாகும். இதுவோ நீர்த்தே கிடந்தது. தளதளவென்று கொதித்த பிறகுதான் இறுகியது. அப்போதும் கலங்கல் போகவில்லை, கரண்டியின் முதுகில் வெண்படலமாக ஒட்டியது. ஃப்ரீஸரில் உறையவைத்து எடுத்தால் பஞ்சு போலாகித் தண்ணீர் விட்டது. மரவள்ளி மாவு கலந்திருந்தால் நூல் நூலாக இழுபட்டிருக்கும், அதுவும் இல்லை. இவையெல்லாம் மக்காச்சோள மாவின் குணம்.

அயோடின் சொட்டு விட்டு, நீலம் வந்தது, மாவு சுத்தம் என்று பதில் எழுதிவிடாதீர்கள். இரண்டு மாவும் நீலமாகத்தான் மாறும். நுண்ணோக்கியில் பாருங்கள்: மக்காச்சோள மாவுமணிகள் மூலை மூலையாக இருக்கும், கூவை மாவுமணிகள் முட்டை வடிவில் இருக்கும்.

கிழங்கைத் துருவி, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளியவைத்து, மேல்நீரை இறுத்து, பலமுறை அலசிக் காயவைத்து எடுப்பதுதான் கூவை மாவு. நோயிலிருந்து தேறுபவர்களுக்கு இதில்தான் கஞ்சி காய்ச்சுகிறார்கள். மக்காச்சோளம் ஒவ்வாத ஒருவர் உங்கள் உறையை நம்பிக் குடித்தால் என்ன ஆகும்?

பின்புறச் செய்முறையும் தவறு. ‘கொதிக்கும் பாலில் தூவி 10 நிமிடம் கொதிக்கவிடவும்’ என்கிறது. உலர்ந்த மாவு சூட்டில் விழுந்தால் வெளிப்புறம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு நிற்கும்; கட்டி அப்படித்தான் வருகிறது. கூவை மாவைக் கெட்டியானதும் இறக்கிவிட வேண்டும், மேலும் கொதித்தால் இளகிவிடும். பாலில் சேர்த்தால் வழவழத்துப்போகும். புளிப்பான குழம்புக்குத்தான் அது வெகு பொருத்தம்.

மீதி மாவையும் தொகுப்பு எண் உள்ள உறையையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். அந்தத் தொகுப்பைப் பரிசோதித்து முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை விற்பனையை நிறுத்திவையுங்கள். செய்முறையைத் திருத்துங்கள். என் பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்